எளியவனின் வேட்டை

வேட்டை என்றதும் பலருடைய மனத்திலே முதலில் எழுவது அரசர்களின் வேட்டைக் காட்சியேயாகும். யானைமீது அமர்ந்த மன்னன், பறை முழக்கிக் காடு கலைக்கும் ஏவலர், முன்னே பாயும் நாய்க்கூட்டம், மாலையிலே பாசறையின் முன் வரிசையாகக் கிடத்தப்பட்ட விலங்குகள் ஆகியவற்றையே காவியங்களும் ஓவியங்களும் பெரிதும் காட்டி வந்திருக்கின்றன. ஆயின் உலகில் நிகழ்ந்த வேட்டைகளிற் பெரும்பாலானவை இத்தகையன அல்ல. அடுப்பில் உலை ஏற வேண்டுமே என்ற கவலையோடு, கையிலே காசின்றி, ஓர் அம்பையோ ஒரு சுருக்குக் கயிற்றையோ நம்பிக் காட்டுக்குட் சென்ற எளிய மனிதர்களின் வேட்டையே தொகையால் மிகப் பெரியது. அதற்குப் பரணி பாடியவர் இல்லை. மெய்க்கீர்த்தி பொறித்தவரும் இல்லை. இலங்கைத் தீவின் வரலாற்றிலே இவ்வெளிய வேட்டை எவ்வாறு நடைபெற்றது, அதற்கு ஆன செலவு யாது, அச்செலவை இறுதியில் ஏற்றவர் யாவர் என்பவற்றை ஆராய்தல் பயனுடையதாகும்.

தமிழ் மரபு இவ்விருவகை வேட்டையையும் அறியும். வல்வில் ஓரி என்னும் வள்ளல் எய்த ஒரே அம்பு யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் துளைத்துப் புற்றிலிருந்த உடும்பிலே சென்று தைத்த செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. அது வள்ளலின் ஆற்றலைப் புகழவந்த செய்தி. எனினும் ஓர் அம்பை வீணாக்காமை வில்லாண்மையின் சிறப்பு என்ற எண்ணமும் அதன் அடியிலே கிடக்கின்றது. அம்பு எளிதிற் கிடைக்கும் பொருளாக இருந்திருப்பின் இவ்வாறு எண்ணத் தோன்றியிராது.

அம்பின் அருமையை அறிதற்கு மிகப் பழைய காலத்துக்குச் செல்லுதல் வேண்டும். களுத்துறை மாவட்டத்திலே புளத்சிங்களப் பகுதியில் பாகியன் குகை எனப்படும் மலைக்குகை ஒன்று உண்டு. அக்குகையின் மண்ணடுக்குகளை ஆராய்ந்த அறிஞர் 2019ஆம், 2020ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகள் வியப்பூட்டுவன. ஏறத்தாழ 45,000 ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு வாழ்ந்தோர் மழைக்காட்டின் மரக்கிளைகளில் உலாவும் குரங்குகளையும் அணில்களையும் பெரும்பான்மையாக வேட்டையாடி உண்டனர். 48,000 ஆண்டுப் பழைமை வரை செல்லும் அடுக்குகளிலே எலும்பாற் செய்த கூர்முனைகளும் கிடைத்தன. ஆபிரிக்காவுக்கு வெளியே வில்லும் அம்பும் வழங்கியமைக்கு மிகப் பழைய சான்றுகளுள் இவையும் வைத்து எண்ணப்படுகின்றன. அம்முனைகளுட் பல குரங்கின் எலும்பாலேயே ஆனவை. இன்று வீழ்த்திய விலங்கின் எலும்பு நாளைய வேட்டைக்கு அம்பாயிற்று. வேட்டைக்காரன் எவரிடமும் எதனையும் வாங்கவில்லை; அவன் செலவிட்டவை தன் கைத்திறனும் பொறுமையும் மாத்திரமே.

இரும்பு வந்த பின்னர் நிலைமை மாறியது. எலும்பினும் இரும்பு கூரியது. பெரிய விலங்கையும் வீழ்த்த வல்லது. ஆயின் இரும்பைக் காட்டிற் பொறுக்கி எடுத்தல் இயலாது. அதற்குக் கொல்லன் வேண்டும். கொல்லனுக்குக் கூலி வேண்டும். காசு வழங்காத காட்டில் வாழ்ந்த வேடர் இந்தச் சிக்கலை எவ்வாறு தீர்த்தனர் என்பதை றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர் எழுதியிருக்கிறார். 1660ஆம் ஆண்டு கொட்டியாரக் குடாவிலே பிடிபட்டுக் கண்டியரசனின் நாட்டிற் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்து, 1679ஆம் ஆண்டு தப்பிச் சென்ற அவர், 1681ஆம் ஆண்டு தாம் கண்டவற்றை நூலாக வெளியிட்டார். பிந்தன்னைப் பகுதியின் வேடரைப் பற்றி அவர் கூறும் செய்தி இது: வேடன் இரவிலே கொல்லனின் பட்டறைக்கு வந்து இறைச்சியைத் தொங்கவிடுவான். அதன் அருகில், தனக்கு வேண்டிய அம்புமுனையின் வடிவாக நறுக்கிய இலை ஒன்றையும் தொங்கவிட்டுச் செல்வான். கொல்லன் அந்த இலையின் அளவுக்கு அம்பு செய்து வைத்தால் வேடன் பின்னரும் இறைச்சி கொண்டுவந்து கைம்மாறு செய்வான். செய்யாது விட்டால் இரவில் எங்கிருந்தோ ஓர் அம்பு வந்து கொல்லனுக்குத் தீங்கு விளைக்கவும் கூடும்.

இருவரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஒரு சொல்லும் பேசியதில்லை. எனினும் ஓர் இலை அவர்களிடையே ஒப்பந்தச் சீட்டாக அமைந்தது. அம்பின் விலை இறைச்சி; இறைச்சிக்கு வழி அம்பு. ஆதலின் ஓர் அம்பை இழத்தல் என்பது வேடனுக்கு ஒரு வேட்டையின் பயனையே இழத்தலாகும். அம்பு தைத்த விலங்கை அவன் காதவழி தொடர்ந்து சென்றதும், அண்மையில் நெருங்காது எய்யாமையும் இதனாலேயே. நெடுந்தூரத்திலிருந்து பலமுறை எய்து பார்க்கும் வசதி அவனுக்கு இருக்கவில்லை.

அவனது ஏனைய முதலீடுகளும் இத்தகையனவே. பெண்ணை மணம் முடித்துக் கொடுக்கும்போது வேடர் வேட்டை நாய்களைச் சீதனமாக வழங்கினர் என நொக்ஸ் எழுதுகிறார். வயலும் தோட்டமும் சீதனமாகும் நாட்டிலே நாய் சீதனமாயிற்று என்றால், நல்ல நாய் ஒன்று ஒரு குடும்பத்துக்கு விளைநிலம் போன்றது என்பது தெளிவு. மிஞ்சிய இறைச்சியைக் காப்பதற்கு உப்பும் தேவைப்படவில்லை. மரப்பொந்திலே தேனை ஊற்றி, அதில் இறைச்சியை இட்டு, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவர். அது ஓராண்டு வரையிலும் அதற்கு மேலும் கெடாது கிடக்கும். தேனெடுப்பதற்கு இடுப்பிலே ஒரு சிறு கோடரி. இவ்வளவே அவனது உடைமை.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். காடு எல்லையற்றது என்றும், வேடன் விரும்பிய இடமெல்லாம் வேட்டையாடினான் என்றும் எண்ணுதல் தவறாகும். வேடர் தம்முட் காட்டை எல்லை பிரித்து வைத்திருந்தனர். ஒரு கூட்டத்தார் மற்றொரு கூட்டத்தாரின் எல்லைக்குள் வேட்டையாடவோ தேனெடுக்கவோ பழம் பறிக்கவோ கூடாது. எல்லையோரத்தில் நின்ற ஒரு பலாமரத்தின் காய்களைப் பறித்ததன் காரணமாக எழுந்த வாய்ச்சண்டை கைச்சண்டையாகி, இறுதியில் இருபது முப்பது பேர் அம்புபட்டு மாண்டனர் என்று நொக்ஸ் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். இது கொடிய நிகழ்ச்சியே. ஆயினும் காட்டின் பொருள் அளவுடையது, அதனை யார் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு முறை உண்டு என்ற உணர்வு ஆழமாக வேரூன்றியிருந்ததை அது காட்டுகின்றது.

இதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்துக்குப் பின்னர், செலிக்மன் தம்பதியர் வேடரிடையே சென்று ஆராய்ந்து 1911ஆம் ஆண்டு வெளியிட்ட நூலும் இதனையே வலியுறுத்துகின்றது. வேட்டையிற் கிடைத்த இறைச்சி எய்தவனுக்கு மாத்திரம் உரியதன்று. அது கூட்டத்தாரிடையே பங்கிடப்பட்டது. கண்டே யக்கா என அவர்கள் வழிபட்ட தெய்வம், முற்காலத்தில் வாழ்ந்த பெருவேட்டுவன் ஒருவனின் ஆவி என்பது அவர்களின் நம்பிக்கை. வேட்டைக்கு முன் அவனை வேண்டினர். வேட்டை வாய்த்த பின் அவனுக்கும் ஒரு பங்கு படைத்தனர். மட்டக்களப்புக்கு வடக்கே வாகரை, கதிரவெளி போன்ற கரையோர ஊர்களில் வாழ்ந்து தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட வேடரையும் செலிக்மன் தம்பதியர் கண்டு எழுதினர். காட்டையும் கடலையும் ஒருங்கே நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள்.

வேடர் மாத்திரமன்றி, வன்னியிலும் கிழக்கிலும் வாழ்ந்த ஏனையோரும் எளிய கருவிகொண்டு அரிய வேட்டை ஆடினர். இவர்களுட் பணிக்கர் எனப்படும் முஸ்லிம் மக்கள் தனிச் சிறப்புடையோர். ஏறாவூர்ப் பணிக்கரின் பெயரை இன்றும் கிழக்கிலங்கையார் பெருமையோடு கூறுவர். 1859ஆம் ஆண்டு இலங்கை பற்றிப் பெரு நூல் வெளியிட்ட எமர்சன் தெனன்ற் இவர்களின் திறமையைக் கண்டு வியந்து எழுதியுள்ளார். இருவர் மாத்திரம் காட்டுக்குட் செல்வர். அவர்களிடம் விலங்குத் தோலை முறுக்கித் திரித்த கயிறு ஒன்றைத் தவிர வேறு படைக்கலம் இராது. ஒருவன் முன்னே நின்று கூவி யானையின் கவனத்தை ஈர்ப்பான். மற்றவன் பின்னே ஓசையின்றிச் சென்று, யானை கால் தூக்கும் கணத்திலே சுருக்கை இட்டு, கயிற்றின் மறுமுனையை மரத்திலே கட்டிவிடுவான். இவ்வாறு பிடிபட்ட யானைகள் பழக்கப்பட்டுத் தென்னிந்திய அரசர்களுக்கு விற்கப்பட்டன. வன்னியர் யாழ்ப்பாண அரசனுக்கும், பின்னர்ப் போர்த்துக்கேயருக்கும் ஒல்லாந்தருக்கும் யானைகளைத் திறையாகக் கொடுத்ததும், ஆனையிறவு அப்பெயர் பெற்றதும் இந்த யானை வாணிகத்தோடு தொடர்புடையனவே.

இதே தெனன்ற் 1847ஆம் ஆண்டு குருணாகலிலே அரசினர் நடத்திய யானைப் பட்டி ஒன்றையும் விரிவாக வருணிக்கிறார். அங்கே யானைக் கூட்டத்தை வளைத்துத் துரத்தி வருவதற்கு மாத்திரம் 1,500 முதல் 2,000 பேர் வரை தேவைப்பட்டனர். பருத்த மரங்களை வெட்டி நட்டு வேலி அமைக்கப்பட்டது. நாட்கணக்கிற் காட்டைச் சுற்றித் தீ வளர்க்கப்பட்டது. பெரியோர் அமர்ந்து பார்ப்பதற்கு மேடையும் கட்டப்பட்டது. ஓரிடத்தில் இரண்டு மனிதரும் ஒரு கயிறும். மற்றோரிடத்தில் இரண்டாயிரம் மனிதரும் ஒரு மரக்கோட்டையும். செல்வன் வேட்டைக்கும் எளியவன் வேட்டைக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாகக் காட்டுதல் அரிது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலேய அலுவலரும் தோட்டத் துரைமாரும் இந்நாட்டிற் பெருவேட்டை ஆடிய காலம். பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார் என்று தெனன்ற் எழுதுகிறார். அவர் 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடிவிழுந்து இறந்தார். யானைகள் பயிரை அழிக்கின்றன என்பதைக் காரணமாகக் காட்டி, கொன்ற யானை ஒவ்வொன்றுக்கும் அரசினர் சன்மானமும் வழங்கினர். அதன் விளைவாக 1848ஆம் ஆண்டுக்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்திலே வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500க்கு மேற்பட்ட யானைகள் கொல்லப்பட்டன. 1851ஆம் ஆண்டுக்கும் 1856ஆம் ஆண்டுக்கும் இடையில் தென் மாகாணத்தில் ஏறத்தாழ 2,000 யானைகள் மாண்டன. அம்புக்காக இறைச்சியைக் கொடுத்த வேடனின் கணக்கு இங்கே தலைகீழாக மாறிவிட்டது. கொல்லுதற்கு விலை கொடுக்க வேண்டியதில்லை. கொன்றால் விலை கிடைத்தது.

நுவரெலியாவிலே 1848ஆம் ஆண்டு குடியேறிய சாமுவேல் பேக்கரின் வேட்டை மற்றொரு வகையானது. அவர் இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களையும் நல்லினக் கால்நடைகளையும் உழுகருவிகளையும் பணியாட்களையும் கப்பலேற்றி வந்தவர். மலைநாட்டின் பனி படர்ந்த வெளிகளிலே நாய்கள் மரையைத் துரத்திச் சென்று வளைத்து நிறுத்த, அவர் கத்தியோடு பாய்ந்து அதனைக் கொல்வதில் மகிழ்ச்சி கண்டார். பேக்கரின் துணிவையும் உடல் வலிமையையும் எவரும் மறுத்தல் இயலாது. ஆயின் அவருடைய வேட்டை பசிக்கு அன்று, களிப்புக்கே. ஒரு நாய்க் கூட்டத்துக்கு ஆண்டு முழுவதும் தீனி போட ஆன செலவு, பல வேடர் குடும்பங்களின் வாழ்க்கைச் செலவுக்குப் போதியதாய் இருந்திருக்கும்.

அதே பேக்கர், உள்ளூரார் வேட்டையாடும் முறையைக் கடிந்து எழுதியதும் கருதத்தக்கது. கோடையிலே காட்டு நீர்நிலைகள் வற்றும். எஞ்சிய ஒன்றிரண்டு குழிகளின் அருகே பதுங்கிடம் அமைத்து இருந்து, நீர் குடிக்க வரும் மான்களையும் மரைகளையும் கண்டபடி சுட்டு, இறைச்சியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து புகையிலே உலர்த்தி விற்பவர்களை அவர் குறை கூறினார். தாமே பெருந்தொகையாகக் கொன்ற ஒருவர் மற்றவரைக் குறை கூறுதல் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் அவர் கூறியதில் உண்மை இல்லாமற் போகவில்லை. அக்காலத்தில் வெடிமருந்தும் மலிந்த துவக்கும் சிற்றூர் வரை வந்துவிட்டன. தோலையும் கொம்பையும் உலர்ந்த இறைச்சியையும் வாங்கும் வணிகரும் வந்துவிட்டனர். முன்னர் ஒரு மானைக் கொன்றவன் தன் கூட்டத்தார் உண்ணும் அளவோடு நின்றான். மேலும் கொல்வதால் அவனுக்குப் பயனில்லை. இப்பொழுதோ எத்தனை கொன்றாலும் வாங்குவதற்கு ஆள் உண்டு. வயிற்றுக்கு அளவு உண்டு, சந்தைக்கு அளவில்லை. எளியவனின் வேட்டையிலே இருந்த இயற்கைக் கட்டுப்பாடு இவ்வாறு அற்றுப்போயிற்று. அதில் வந்த ஊதியத்தின் பெரும்பங்கும் காட்டில் விழித்திருந்தவனுக்கன்றி, பட்டினத்திற் கணக்கெழுதியவனுக்கே போய்ச் சேர்ந்தது.

காட்டு விலங்குகள் அருகத் தொடங்கியதும் சட்டம் வந்தது. அச்சட்டத்தை இயற்றியவர்கள் எத்தகைய மரபிலிருந்து வந்தவர்கள் என்பதையும் அறிதல் நன்று. இங்கிலாந்திலே 1671ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஆண்டுக்கு நூறு பவுண் வருவாய் தரும் சொந்த நிலமோ அதற்கு ஈடான தகுதியோ உடையவன் மாத்திரமே வேட்டைக்குரியவன். அத்தகுதியற்ற உழவன் தன் பயிரை மேய்ந்த முயலைக் கொன்றாலும் குற்றவாளியானான். 1831ஆம் ஆண்டிலேதான் இந்தச் சொத்துத் தகுதி நீக்கப்பட்டு, பணம் செலுத்தி அனுமதிச் சீட்டுப் பெறும் முறை ஏற்பட்டது. நிலமுடையவனுக்கே உரிமை என்ற விதி, சீட்டுக்குப் பணம் கட்ட வல்லவனுக்கே உரிமை என மாறியது. ஏழையின் நிலை பெரிதும் மாறவில்லை.

இலங்கையில் யானை, எருமை முதலிய வேட்டை விலங்குகளை வீணே அழித்தலைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1891ஆம் ஆண்டு பிறந்தது. 1894ஆம் ஆண்டு வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் தோன்றியது. 1900ஆம் ஆண்டு யாலப் பகுதியிலே காப்புக்காடு அமைக்கப்பட்டபோது, நாட்டில் வதியும் வேட்டை விருப்பினருக்கெனத் தனியே ஒரு நிலப்பரப்பும் ஒதுக்கப்பட்டது. 1916ஆம் ஆண்டுச் சட்டம் துவக்கு வைத்திருப்போர் ஆண்டுதோறும் அனுமதி பெறவேண்டும் என்று விதித்தது. 1937ஆம் ஆண்டின் வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இவற்றையெல்லாம் ஒழுங்குபடுத்தியது; அதன் கீழ் 1938ஆம் ஆண்டு யால, வில்பத்து ஆகியவை தேசிய வனங்களாயின. இச்சட்டங்கள் இல்லாதிருந்தால் இன்று இந்நாட்டிலே யானையும் மரையும் எஞ்சியிரா என்பதில் ஐயமில்லை. பாதுகாப்பு இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுட் பலர் முன்னாள் வேட்டைக்காரர்கள் என்பதும், தம் பிழையை உணர்ந்து அவர்கள் அதில் ஈடுபட்டனர் என்பதும் பாராட்டத்தக்கனவே.

எனினும் சட்டத்தின் சுமை எல்லார் தோளிலும் ஒரே அளவாக விழவில்லை. சீட்டுக்குப் பணம் கட்ட முடிந்தவனுக்கு அது ஒரு சிறு செலவு. கட்ட முடியாதவனுக்கு, தந்தையும் பாட்டனும் செய்த தொழில் ஒரே நாளிற் குற்றமாயிற்று. சேனை வெட்டுவதற்கு அனுமதி, துவக்குக்கு அனுமதி என ஒவ்வொன்றுக்கும் ஊர்த் தலைவனின் தயவை நாடி நிற்க வேண்டியதாயிற்று. 1908ஆம் ஆண்டு முதல் 1911ஆம் ஆண்டு வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகப் பணியாற்றிய லெனாட் வூல்ஃப், 1913ஆம் ஆண்டு வெளியிட்ட காட்டுக் கிராமம் பற்றிய நாவலிலே இந்நிலையைச் சித்திரித்தார். அதில் வரும் சிலிந்து என்னும் வேட்டைக்காரன் காட்டின் ஒவ்வொரு தடத்தையும் அறிந்தவன். ஆயின் கச்சேரியின் விதிகளையும் தலைவனின் சூழ்ச்சியையும் அறியாதவன். காட்டிலே பிழைக்கத் தெரிந்த அவன் நாட்டிலே அழிகிறான். சட்டத்தை நடத்திய அலுவலர் ஒருவரே இதனை எழுதினார் என்பது எண்ணத்தக்கது.

இவ்வரலாற்றின் துயரமான பகுதி 1983ஆம் ஆண்டு நிகழ்ந்தது. மகாவலி அபிவிருத்தித் திட்டத்தின் தொடர்பாக மாதுறு ஓயா தேசிய வனம் அவ்வாண்டு நவம்பர் மாதம் பிரகடனம் செய்யப்பட்டது. தம்பானைப் பகுதி வேடர் தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் தேனெடுத்தும் வந்த காடு அதனுள் அடங்கியது. பல குடும்பங்கள் எனானிகலை போன்ற புதிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டன. அவர்களுக்கு வயலும் நீரும் வழங்கப்பட்டன. முதியவரான ஊருவரிகே திசாகாமியும் அவரைச் சார்ந்த சிலரும் இடம்பெயர மறுத்துத் தம் பழைய ஊரிலேயே தங்கினர். 1998ஆம் ஆண்டு அவர் இறக்கும் வரை, முன்னோரின் காட்டுக்குட் செல்லும் உரிமை என்ற அவர்களின் கோரிக்கை ஓயவில்லை. அணைகளைக் கட்டியவர் வேடர் அல்லர். பெருங்காடுகளை வெட்டித் தோட்டமாக்கியவரும் அவர் அல்லர். ஆயிரக்கணக்கான யானைகளைச் சுட்டவரும் அல்லர். ஆனால் எஞ்சிய காட்டைக் காக்கும் வேளை வந்தபோது முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் அவர்களே.

இன்று மலிவான வேட்டை மறைந்துவிடவில்லை; அது உருமாறியிருக்கின்றது. மானையும் மரையையும் கொல்லுதல் இன்று சட்டப்படி குற்றம். ஆயினும் பழைய கம்பித் துண்டு ஒன்றே சுருக்குக் கண்ணியாகின்றது. மிருகம் செல்லும் தடத்திலே மறைத்துக் கட்டும் கட்டுத்துவக்கு, வருவது பன்றியா, மாடா, மனிதனா என்று பாராது வெடிக்கின்றது. பழத்தினுள்ளே வெடிமருந்தை மறைத்து வைக்கும் வாய்வெடி, பன்றிக்கென வைக்கப்பட்டு யானைக் கன்றின் தாடையைச் சிதைக்கின்றது. காயமுற்ற கன்று உண்ண இயலாது பல நாட்கள் துடித்து இறக்கின்றது. 2020ஆம் ஆண்டு மே மாதம் நல்லதண்ணிப் பகுதித் தோட்டம் ஒன்றிலே அரிய கருஞ்சிறுத்தை ஒன்று சுருக்குக் கம்பியில் அகப்பட்டது. அதிலிருந்து மீட்டுச் சிகிச்சை அளித்த போதிலும் சில நாட்களில் அது மாண்டது. அக்கம்பியை வைத்தவன் சிறுத்தையை எண்ணி வைத்திருப்பான் எனக் கூற இயலாது. அவன் அங்கே இருக்கவேயில்லை என்பதே பொருள்.

பழைய வேடனின் வேட்டையும் மலிவானது. இன்றைய கம்பிக் கண்ணியும் மலிவானது. ஆயின் இரண்டும் ஒன்றல்ல. வேடனுக்குக் காசு செலவாகவில்லை. ஆனால் அவன் தன் கண்ணையும் காதையும் காலையும், பல ஆண்டுப் பயிற்சியையும், சிலவேளை தன் உயிரையுமே செலவிட்டான். எதிரே நிற்கும் விலங்கு எது, அது சினையா, கன்றோடு நிற்கின்றதா என்று பார்க்கும் நிலையில் இருந்தான். கம்பியைக் கட்டிவிட்டு வீட்டில் உறங்குபவன் எதனையும் செலவிடுவதில்லை, எதனையும் பார்ப்பதுமில்லை. அவன் செலுத்தாத விலையைக் காடு செலுத்துகின்றது.

இதனைக் கொண்டு ஏழையை மாத்திரம் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துதல் நீதியாகாது. பன்றி புகுந்து ஒரே இரவிலே மரவள்ளித் தோட்டத்தை உழுதுவிட்டால் அந்த உழவனின் இழப்பை ஈடுசெய்பவர் யார்? சட்டம் கண்ணியைத் தடை செய்யும்போது, பயிரைக் காக்க வேறு வழியும், உண்ண வேறு உணவும் அவனுக்குக் கிடைக்கச் செய்தல் சமுதாயத்தின் கடனன்றோ? சன்மானம் கொடுத்து யானைகளைக் கொல்வித்த அரசும், தோலையும் கொம்பையும் கப்பலேற்றிய வணிகமும், களிப்புக்காகக் கொன்று குவித்த துரைமாரும் வைத்துச் சென்ற கடனை, கடைசியில் வந்த ஏழையின் தலையில் மாத்திரம் கட்டிவிட முடியாது.

இலையை அம்பின் வடிவாக நறுக்கிக் கொல்லன் பட்டறையிலே தொங்கவிட்ட அந்த வேடனுக்கு எழுத்துத் தெரியாது, சட்டமும் தெரியாது. ஆயின் தான் பெறும் பொருளுக்கு விலை உண்டு என்பதும், அவ்விலையைத் தானே செலுத்தவேண்டும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தன. இருளில் வந்தும் அவன் இறைச்சியை வைக்காமற் சென்றதில்லை. காட்டிலிருந்து எதனையும் பெறுகின்ற எவரும், அவர் உழவராயினும் வணிகராயினும் அரசினராயினும், அந்தப் பழைய கணக்கை மறவாதிருத்தல் வேண்டும்.